ஆறாவது ஆசனத்துக்கு ஓர் ஆள்

சென்ற மார்கழியில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து விசித்திரமான மின்னஞ்சல் ஒன்று வந்தது. என்னிடம் உயர்தர வகுப்புவரை படித்து, இப்பொழுது அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் பயில்பவர் அவர். குளிரைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ எழுதியிருப்பார் என எண்ணிப் பிரித்தேன். “சேர், வருகிற சனிக்கிழமைக்குள் நான் ஒரு மனிதனைப் படைத்தாக வேண்டும். உங்கள் உதவி தேவை” என்று அது தொடங்கியிருந்தது. பிரமதேவன் தொழிலுக்கு என்னை உதவியாளனாய் அழைத்தவர் இதற்குமுன் எவருமிலர்.

விடயம் இதுதான். அவருடைய விடுதியில் மாணவர் ஐவர் இரண்டு வருடங்களாக வாரந்தோறும் கூடி ஒரு கற்பனைக் கதையை ஆடி வருகின்றனர். ஒருவர் நடுவர், நால்வர் ஆட்டக்காரர். அந்த மேசைக்கு ஆறாமவராக இவரை அழைத்திருக்கின்றனர். ஊருக்குப் போய் நான்கு மாதத்தில் வகுப்புக்கு வெளியே அவருக்குக் கிடைத்த முதல் அழைப்பு அது. “முதல் நாளே பிழையான ஆளைக் கொண்டுபோனால் மறுமுறை கூப்பிடமாட்டார்கள்” என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்த வரியைக் கண்டபின் நான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்விளையாட்டை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். நடுவராயிருப்பவரே அக்கற்பனை உலகத்தைச் சொல்பவர். காடு எங்கே முடிகிறது, பாழடைந்த கோட்டையின் கதவு பூட்டியிருக்கிறதா, சத்திரக்காரன் பொய் சொல்கிறானா என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. மற்றையோர் ஒவ்வொருவரும் அவ்வுலகில் ஒரே ஓர் ஆளாக நின்று, “நான் கதவைத் தட்டுகிறேன்”, “நான் மரத்தின் பின்னே ஒளிகிறேன்” என்று சொல்லிக்கொண்டு போவர். செய்கை பலிக்குமோ என்ற ஐயம் எழுந்தாற் பகடை உருளும். வென்றவர் தோற்றவர் என்ற கணக்கு இல்லை; கதை ஒரு நாளில் முடிவதுமில்லை. எங்கள் நாட்டுக்கூத்தையும் தாயக்கட்டையையும் ஒன்றாகக் கலந்து, அண்ணாவியார் எழுதிவைத்த பாட்டை மட்டும் எடுத்துவிட்டால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படி.

இதன் பாட்டன் போர்ப்பயிற்சி. 1824ஆம் ஆண்டிலே பிரசியப் படையதிகாரி ரைஸ்விற்ஸ் என்பவர், வரைபடத்தின்மேற் கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் அதிகாரிகள் போர்முறை பழகுவதற்கான ஆட்டவிதிகளை வெளியிட்டார். அந்த மரபிலே வந்த பொழுதுபோக்குப் போராட்டங்களில் ஓர் ஆட்டக்காரர் ஒரு படையையே நடத்துவது வழக்கம். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய ஆட்டமொன்றில், ஆட்டக்காரர்களுக்குப் படைகளுக்குப் பதிலாக ஓர் ஊரிலுள்ள தனிமனிதரின் வேடங்களைக் கொடுத்தார். படை ஒரு மனிதனாகச் சுருங்கியது அங்கேதான். அவருடன் ஆடிய டேவ் ஆர்னிசன் அந்த எண்ணத்தை மந்திரமும் பூதமும் நிறைந்த பிளக்மூர் என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கரி கைகக்ஸ் அவருடன் சேர்ந்தார். இருவரது ஆக்கமாக 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. முதற் பதிப்பு 1000 பிரதிகள். விலை 10 டொலர்.

அந்த விதிகளின்படி ஓர் ஆளுக்கு ஆறு குணங்கள். வலிமை, அறிவு, விவேகம், சுறுசுறுப்பு, உடலுறுதி, வசீகரம் என்று தமிழிற் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையை எழுத வேண்டும். 1974 விதிகளில் உருட்டுபவர் நடுவரே. வந்ததை ஏற்பது ஆட்டக்காரரின் தலைவிதி. கணித மாணவர்கள் கவனிக்க: மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றில் 18 என்ற உச்சத் தொகை ஒரே ஒரு வகையிலேதான் வரும். 10 அல்லது 11 வருவதற்கோ 54 வகைகள் உள. அதாவது வீரபராக்கிரமன் பிறப்பது அரிது; உம்மையும் என்னையும் போன்றவர் பிறப்பதே இயல்பு. பகடையால் நாடிழந்த தருமன் கதையை வருடந்தோறும் வகுப்பிற் சொல்பவன் நான். பகடையால் ஆள் பிறப்பது எனக்குப் புதிதாயிருந்தது.

பிறகு தொழில். தொடக்கத்தில் போர்வீரன், மாந்திரிகன், சமயகுரு என மூன்றே இருந்தன; 1975இல் வந்த இணைப்பு நூலிலே திருடனும் சேர்ந்தான். அக்காலத்து மாந்திரிகனின் நிலைமை பரிதாபத்துக்குரியது. முதற்படியில் நிற்கும் அவனுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். கவசம் அணியக் கூடாது. கத்திக்கு மேல் ஆயுதமில்லை. உயிர்ப்பலம் ஒரு பகடையில் விழுந்த எண். ஒரே வாள்வீச்சில் அவன் கதை முடியலாம். மற்றோர் ஆட்டம் இதையும் விஞ்சியது. 1977இல் வெளிவந்த, விண்வெளிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட ‘ட்ரவலர்’ என்பதில், ஆள் தன் முன்வாழ்வை நான்கு நான்கு வருடங்களாகக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழைத்தானா என்பதற்குப் பகடை உண்டு. பிழைக்காவிட்டால், கதை தொடங்குமுன்பே ஆள் இறந்துபோவான். புதுத்தாளை எடுக்க வேண்டியதுதான்!

காலப்போக்கில் இக்கடுமை தளர்ந்தது. 1979இல் வெளிவந்த நடுவர் கைநூல், நான்கு பகடைகளை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளிவிடும் முறையையும் அனுமதித்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்போ 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை ஆயத்தமாகவே தந்து, விரும்பியபடி பங்கிட்டுக்கொள்ளவும் இடமளித்தது. அதே பதிப்பு இன்னொன்றும் செய்தது. ஓர் இலட்சியம், ஒரு பிணைப்பு, ஒரு குறை ஆகியவற்றையும் எழுதச் சொன்னது. என் மாணவர் தடுமாறியது அவ்விடத்திலேதான்.

பெயர் வைப்பதிலும் அவருக்குப் பெரும் கவலை. பத்துப் பெயர்களை எழுதி, எது கம்பீரமானது என்று கேட்டிருந்தார். முன்னோடிகள் இதிற் பாடுபட்டதாகத் தெரியவில்லை. கைகக்ஸின் மூத்த மகன் தன் பெயராகிய ‘ஏர்னெஸ்ட்’ என்பதன் எழுத்துகளைக் குலுக்கி ‘டென்சர்’ என்றொரு மாந்திரிகனை உண்டாக்கினார். ஜிம் வோட் என்பவர் தம் பெயரைத் தலைகீழாக்கி ‘ட்ரோமிஜ்’ என்றார். கைகக்ஸின் இன்னொரு மகனோ இன்னும் சிக்கனக்காரர். அவருடைய தாளிலே ஆண்பாலைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்தும், ‘எல்ஃப்’ என்ற வனதேவ இனத்தின் பெயரும் இருந்தன. இரண்டையும் சேர்த்து ‘மெல்ஃப்’ ஆக்கிவிட்டார்! அந்தப் பெயரிலுள்ள அம்பு மந்திரம் பின்னர் விதிநூலிலேயே இடம்பெற்றது.

மாணவர் அனுப்பிய முதல் வரைவைச் சொல்கிறேன். அழிந்துபோன அரசொன்றின் இளவரசன். தாய் தந்தையர் பகைவராற் கொல்லப்பட்டனர். வாள், வில், மந்திரம் யாவும் கற்றவன். எவரையும் நம்பாதவன், அதிகம் பேசாதவன், தனியே நடப்பவன். ஐந்து பக்கம் எழுதியிருந்தார். தமிழ்நடையும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இவனை வைத்துக்கொண்டு மேசையிலிருக்கும் நால்வர் என் செய்வர்? எவரையும் நம்பாதவனை நம்பவைப்பதிலேயே முதலிரவு கழிந்துவிடும். சுற்றத்தார் எல்லாரும் இறந்துபோயினமையால் நடுவருக்கும் பிடித்திழுக்க ஒரு நூலில்லை. எல்லாம் வல்லவனுக்கு எவர் துணையும் வேண்டாம். துணை வேண்டாதவனுக்கு அந்த ஆறாவது நாற்காலி எதற்கு? கர்ணனை எண்ணிப்பாரும் தம்பி, என்று பதில் எழுதினேன். கவசமும் குண்டலமும் உடையவனாயிருக்கும் வரையில் அவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்டவனுக்கு அவற்றை அறுத்துக் கொடுத்த நாளிலேதான் நம் நெஞ்சு அவன் பக்கம் சாய்கிறது.

அமெரிக்க உதாரணமொன்றும் கிடைத்தது. 1984இல் டிரேசி ஹிக்மன், மாக்ரட் வைஸ் ஆகியோரின் உழைப்பில் ‘ட்ரகன்லான்ஸ்’ என்ற கதைத்தொடர் வெளிவரத் தொடங்கிற்று. அதில் ரைஸ்ட்லின் என்ற மாந்திரிகன் நோயாளி, இருமிக்கொண்டே நடப்பவன், உடன்பிறந்தவனின் தோளிலே சாய்பவன். கதை உருவாகும் காலத்தில் நடந்த வெள்ளோட்டமொன்றில் அப்பாத்திரத்தை ஏற்ற நண்பர், கேட்ட கேள்விக்குக் கரகரத்த மெல்லிய குரலிற் பதில் சொன்னாராம். மேசையிலிருந்தோர் அதிர்ந்தனர், அன்றுதொட்டு அக்குரலே அவன் குரலாயிற்று. எழுதிய பக்கங்கள் எத்தனையோ, எனக்குத் தெரியாது. கேட்டவர் காதில் விழுந்த அந்தக் குரலாலேயே வாசகர் அவனை நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஆகவே, அந்த நால்வரின் இரண்டு வருடக் கதையை முதலிற் கேட்டறியும் என்று எழுதினேன். வீட்டுக்கு வரும் மருமகள் முதலில் அடுப்படியைப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள் (இவ்வுவமையை என் மனைவி ஏற்கவில்லை). அவர்கள் கதையில் எதையேனும் நம் ஆளுடன் தொடுப்பதானால், அதற்குரியவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவும் வேண்டும். பிறர் வளர்த்த பயிருக்குள் கேளாமல் இறங்கலாகாது. மற்றவர் பல படிகள் ஏறிவிட்டபோது புதியவன் எந்தப் படியிலே தொடங்குவது என்பதை நடுவரே தீர்த்துக்கொள்வார். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாம் வரைவு அரைப் பக்கம்தான் இருந்தது. நால்வரின் கதையில் முன்னொருகால் ஓர் அனர்த்தம் நேர்ந்திருக்கிறது. கூட்டத்திலுள்ள குள்ளர் குலத்தவன் சந்தையில் ஒரு வரைபடம் வாங்கினான். அதிலிருந்த ஒரு வழி பிழையாகி, எல்லாரும் வெள்ளம் நிறைந்த கல்லறைக்குள் அகப்பட்டனர். அங்கே தோழன் ஒருவன் இறந்தான். அந்த வரைபடத்தைப் பிரதிசெய்த எழுத்தனே என் மாணவரின் புது ஆள். வறுமையால் இரவிரவாக எழுதுபவன். தூக்கக் கலக்கத்தில் ஒரு கோட்டை இடம் மாற்றிவிட்டான். செய்தி பின்னர் காதிற்பட, அவர்களைத் தேடி வருகிறான். பகடையும் ஒத்துழைத்தது: அறிவு 16, வலிமை 7. பழைய மாணவராயிருந்தால் அந்த 7ஐக் கண்டு மறுபடி உருட்ட அனுமதி கேட்டிருப்பார். இம்முறை, மைக்கூட்டையும் தோற்பையையும் சுமந்து அவன் மூச்சுவாங்குவதாக எழுதிக்கொண்டார்.

குள்ளனாக ஆடும் மாணவியிடம் மட்டும் விடயத்தைச் சொல்லி அனுமதி பெற்றார். மற்ற மூவருக்குத் தெரியாது. முதலிரு சனிக்கிழமைகளும் எழுத்தன் உண்மையை மறைத்தே அவர்களுடன் நடந்தான். விளக்கைத் தூக்கினான், பழைய கல்வெட்டொன்றை வாசித்துக் கொடுத்தான். ஒருமுறை ஆற்றைக் கடக்கையில், இறந்த தோழனின் பெயரை ஒருவர் சொன்னபோது, என் மாணவருக்கு மேசையிலிருந்தே எழுந்து போய்விடலாம் போல இருந்ததாம். கற்பனை மனிதனின் குற்றத்துக்காக மெய்யான நெஞ்சு அடித்துக்கொள்ளும் விந்தை அது.

மூன்றாம் சனிக்கிழமை சொல்லிவிட்டார். மூவரும் திகைத்தனர், ஒருவர் தம் பாத்திரத்தின் குரலிலே, இவனை இங்கேயே விட்டுவிட்டுப் போவோம் என்றார். அனுமதி தந்திருந்த மாணவியோ அன்று தன் குள்ளன் என்ன செய்வான் என்பதை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு தன் பையிலிருந்து அந்தப் பழைய வரைபடத்தை, இரண்டு வருடங்களுக்கு முன் நடுவர் கையால் வரைந்து கொடுத்த அதே தாளை, எடுத்து மேசைமேல் விரித்து, ஒரு பேனாவையும் பக்கத்தில் வைத்தாராம்.

என் மாணவர் கோட்டைத் திருத்தினார். இரவு ஒரு மணிக்கு ஆட்டம் கலைந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு மறுநாள் அவருக்கு ஒரு பரீட்சை இருப்பதால், ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறார்.