தடைக்காலமும் கோபக்காரப் பிள்ளையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகிற அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. நடுவில் பள்ளி விடுமுறையும் வந்துவிடும். தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாமே நேரம் மாறும். இதில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் தடுமாறும், ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளை நிலைகுலைந்துவிடும். போனை வாங்கினால் சாமான் பறக்கும். விளையாட்டில் தோற்றால் தம்பிக்கு அடி விழும். அரை மணி கழித்து அதே பிள்ளை அம்மா மடியில் கிடந்து அழும். அதற்குள் தெரு, "திமிரு பிடிச்சது" என்று பெயர் வைத்திருக்கும்.

அது திமிர் இல்லை. கவனம் நிற்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்காமல் செய்துவிடுவது ஆகியவற்றைத்தான் ஏ.டி.எச்.டி.யின் அடையாளங்களாகப் பலரும் அறிவார்கள். வீட்டை அதிகம் வாட்டுவதோ அடக்க முடியாத கோபமும் அழுகையும்தான். 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் குழந்தைகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டார்கள். மற்ற பிள்ளைகளின் மூளைப் புறணி சுமார் ஏழரை வயதில் எட்டும் வளர்ச்சி நிலையை, ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளை சுமார் பத்தரை வயதில் எட்டியது. தன்னைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளையில்தான் தாமதம் அதிகம். பத்து வயதுப் பையனிடம் நாம் எதிர்பார்க்கும் பொறுமை அவனிடம் இன்னும் வந்து சேரவில்லை.

இது அரிதானதும் அல்ல. கோயம்புத்தூரில் 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குப் பதினோரு பேரிடம் இது தெரிந்தது. எல்லா ஊரிலும் அதே கணக்கு வராது. ஆனால் பெரிய வகுப்பு எதிலும் இப்படி ஒரு பிள்ளையாவது இருக்கக்கூடும். சத்தம் போடாமல் கனவில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யாரும் கவனிப்பதே இல்லை என்பது என் தனிக் கவலை.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது புத்தி சொன்னால் ஏறாது. குரலைத் தாழ்த்துங்கள், வார்த்தையைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தண்ணீர் கொடுங்கள். தணிந்த பிறகு, "தோத்துட்டோம்னு கோபம் வந்துச்சா?" என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழகிய பிள்ளை, நாளடைவில் கையை ஓங்குவதற்கு முன் வாயால் சொல்லும். போனை வாங்குவதற்கு முன், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடங்கி நின்ற நிமிடத்திலேயே பாராட்டுங்கள். சாயங்காலம் வரை தள்ளிப்போட்டால் பயன் குறையும். அம்மா மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கும் இதே முறை தெரிந்திருக்க வேண்டும். ஒரே தப்புக்கு ஆளுக்கொரு தண்டனை கிடைத்தால் பிள்ளை இன்னும் குழம்பும்.

திருவிழாவிலும் கவனம் வேண்டும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். அந்தக் கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் இப்படிப்பட்ட பிள்ளை சட்டென்று கையை உதறிக்கொண்டு ஓடலாம், எதிரே கடல். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஒரு பெரியவர் அவனை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பார்கள். அடி வாங்கும் பிள்ளை பயத்தையும் பதிலுக்கு அடிப்பதையும்தான் கற்றுக்கொள்ளும். பள்ளியில் அடிப்பது சட்டவிரோதமும்கூட. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அங்கே அடிக்கலாம் என்று ஆகிவிடாது. எந்தப் பள்ளியானாலும் 1098ஐ அழைக்கலாம்.

சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அரசு மனநல சேவையைப் பெறுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. சிறு பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். ஆறு வயதுக்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் சேரும். இதற்குத் தரும் மெத்தில்பெனிடேட் மயக்க மருந்து அல்ல. பசியும் தூக்கமும் குறையலாம். அதனால் மருத்துவர் எடை, உயரம் பார்த்துக்கொண்டே வருவார். அளவை நீங்களாக மாற்றாதீர்கள். சில மாதத்தில் முழுக்கக் குணமாக்குகிறோம் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பிள்ளை செத்துப்போகிறேன் என்று சொன்னால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒரு குறையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அது பெற்றோருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நினைக்கிறேன். ஆனால் கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும். அதற்கும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதித் தர ஆளும் கேட்கலாம். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.