சீனிக்குப் பதிலாக ஒரு வில்லை

அன்னமும் ஆரோக்கியமும் – 14

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் பதனீர், அடுப்பில் காய்ந்து பாகாகித் தேங்காய்ச் சிரட்டையில் வார்க்கப்பட்டுக் கருப்பட்டி வட்டாக உறையும் வரையிலுள்ள கதையைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். பனையேறாமலே, கரும்பும் வெட்டாமலே, ரசாயனசாலையில் இனிப்பை உண்டாக்கிய கதை இந்த வாரத்துக்குரியது. வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1872-இல் பிறந்த ஓட்டப்பிடாரத்திலே, அந்தக் கரிசல் பூமியின் எந்த டீக்கடை வாசலில் சற்று நேரம் நின்றாலும், “சீனி இல்லாம ஒண்ணு” என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சிறு டப்பியை எடுத்து, அதன் தலையை அமுக்கி வெள்ளை வில்லையொன்றைத் தம்ளரில் விழச்செய்யும் பெரியவர் ஒருவரைக் காணலாம். அவர் பக்கத்திலேயே, அதே நீரிழிவு வியாதியை உடையவராயிருந்தும், “அந்த மாத்திரை கேன்சரைக் கொண்டாந்திரும் அண்ணாச்சி, கருப்பட்டிதான் ஒண்ணும் செய்யாது” என்று உபதேசிக்கும் மற்றொருவரையும் காணலாம். இவ்விருவருள் வில்லைக்காரர் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவர் நினைக்குமளவுக்கு அதிகமன்று.

கருப்பட்டியின் கௌரவத்தைக் குறைப்பது என் நோக்கமன்று. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடாக ஆலைச்சீனியில் ஒன்றுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆயினும் புதிதாக இறக்கிய பதனீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டென்பதும், நீர் வற்றியபின் எஞ்சுவதில் மிகப் பெரும்பகுதி சுக்ரோஸ் என்பதும், வெள்ளைச்சீனியும் அதே சுக்ரோஸ்தான் என்பதும் ரசாயன சாஸ்திரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். இரும்பும் பொட்டாசியமும் கருப்பட்டியில் கொஞ்சம் இருப்பது உண்மையே. காப்பியில் கரைக்கும் ஒரு சிறு துண்டிலே அவை எவ்வளவு வந்துவிடப்போகின்றன? போதாக்குறைக்கு, சீனியையே கரைத்துக் காய்ச்சிக் கருப்பட்டியென்று விற்கும் வியாபாரமும் நம் பக்கத்தில் நடக்கத்தான் செய்கிறது. இனிப்பைக் குறைக்கவேண்டியவர் இனிப்பின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு திருப்தியடைவதை வைத்தியம் என்று சொல்வதற்கில்லை.

இனி வில்லையின் பூர்வோத்தரம். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், இரா ரெம்சன் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் தார் சம்பந்தமான வஸ்துக்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் பால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி தித்தித்ததைக் கண்டு, அந்தத் தித்திப்பின் மூலத்தைத் தேடிப் போய்ச் சாக்கரினைக் கண்டறிந்தார். சீனியைவிடச் சுமார் முந்நூறு மடங்கு இனிப்பு. தேகத்துக்குச் சக்தி ஏதும் தராமல் சிறுநீரோடு வெளியேறிவிடும் சுபாவம். பின்னர்ப் பேராசிரியரின் பெயரைச் சேர்க்காமல் தாமே காப்புரிமை வாங்கிக்கொண்டு அவர் கோபத்தைச் சம்பாதித்தார் என்பது வேறு கதை. அரசாங்க ரசாயனியாக இருந்த ஹார்வி வைலி, சாக்கரின் ஆரோக்கியத்துக்குக் கேடென்று சொல்லப்போய், வைத்தியர் சொற்படி தினந்தோறும் அதையே உட்கொண்டுவந்த ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் சினத்துக்கு ஆளானார். இப்பொருளின் நன்மை தீமை பற்றிய விவாதம் அன்றே அறிவைவிட அபிமானத்தால் அதிகம் நடந்திருக்கிறது.

அந்த விவாதத்தின் உச்சம் 1977. ஆகாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாக்கரின் கலந்து கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்கு மூத்திரப்பையில் புற்று உண்டானதென்று கனடாவில் தெரியவர, அந்நாடு அதை உணவில் தடுத்தது. அமெரிக்க அரசாங்கமும் தடுக்க முனைய, ஜனங்களின் ஆட்சேபத்தால் அந்நாட்டுக் காங்கிரஸ் தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் ஒன்றை மட்டும் அச்சிடச் செய்தது. பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகள், எலியின் சிறுநீருக்கே உரிய ஒரு தன்மையால் அங்கே நுண்ணிய படிகங்கள் தோன்றி மூத்திரப்பையின் உட்சுவரை ஓயாமல் அராவுவதே புற்றுக்குக் காரணமென்றும், மனித தேகத்தில் அது நிகழ்வதில்லை என்றும் காட்டின. 2000-இல் அமெரிக்கர்கள் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலிருந்து சாக்கரினை நீக்கி, எச்சரிக்கை வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் வதந்திக்கு யார் அப்படி விடுதலைப்பத்திரம் எழுதிக் கொடுப்பது? ஓட்டப்பிடாரத்து டீக்கடையில் இன்றும் பேசுவது அந்தக் கனடா எலிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் ஜனங்கள் அறிந்து போட்டுக்கொண்ட சாக்கரினைவிட அறியாமல் விழுங்கிய சாக்கரின் அதிகம். சீனியைவிட மலிவான அந்த வஸ்து, பள்ளிக்கூட வாசலில் விற்கும் குச்சி ஐஸிலும், வண்ணச் சோடாவிலும், வாசனைப் பாக்குப் பொட்டலத்திலும் எவ்வளவு காலமாக இருந்துவருகிறது! பானங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்று சொன்ன இந்திய உணவு விதிகள், பாக்குக்கு 4,000 மில்லிகிராமும் பான் மசாலாவுக்கு 8,000 மில்லிகிராமும் வரை இடங்கொடுத்தன. தேக எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பதே சர்வதேச நிபுணர்கள் ஒரு நாளைக்கு நிர்ணயித்த எல்லை. ஐம்பது கிலோ எடையுள்ளவர், விதிக்குட்பட்ட பான் மசாலாவையே முப்பது கிராம் மென்றாலும் அந்த எல்லையை ஏறக்குறைய எட்டிவிடுவார். லக்னோவில் நச்சியல் ஆராய்ச்சியாளர் குச்சி ஐஸ் முதலிய பண்டங்களைச் சோதித்து, அவற்றை விரும்பித் தின்னும் குழந்தைகளைக் குறித்துக் கவலை தெரிவித்ததும் இந்தக் கணக்கினால்தான். பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 75 மில்லிகிராமே. இதற்கும் மேலாக ஒன்று: பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே வில்லையில் புற்றுநோய் இருக்கிறதென்று பேசுகிறவர், அந்தப் பாக்கையே உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் மனிதருக்குப் புற்று விளைவிப்பது நிச்சயம் என்ற முதல் வகுப்பில் வைத்திருப்பதை அறியார்.

அதே கழகம் 2023 ஜூலையில் அஸ்பர்டேம் என்னும் மற்றோர் இனிப்பை ‘2பி’ வகுப்பில், அதாவது புற்று விளைவிக்கக்கூடுமோ என்ற சந்தேகத்துக்குரியவற்றின் வரிசையில், சேர்த்தது. பத்திரிகைகள் அதைத் தலைப்பிலே போட்டன. அன்றே வேறொரு நிபுணர் குழு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி எல்லையை மாற்றக் காரணமில்லை என்று சொன்னதை எத்தனை பேர் படித்தார்கள்? எழுபது கிலோ எடையுள்ளவர் அந்த எல்லையைத் தாண்ட, சீனியில்லாக் குளிர்பானத்தை ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு டின் வரை குடிக்கவேண்டும். முந்திய குழு ஒரு வஸ்துவால் கேடு விளையக்கூடுமா என்று கேட்கிறது. பிந்தியது எவ்வளவு உண்டால் விளையும் என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பீனைல்கீட்டோனூரியா என்ற அபூர்வப் பிறவிக்கோளாறு உடையவர்களுக்கு மட்டும் அஸ்பர்டேம் உண்மையாகவே ஆகாது. டப்பியில் அதை அச்சிடவேண்டும் என்பது சட்டம்.

இப்போது டப்பிகளில் பெரிதும் வருவது சுக்ரலோஸ். 1976-இல் லண்டன் குயின் எலிசபெத் காலேஜில், பேராசிரியர் லெஸ்லி ஹஃப்பின் கீழ் வேலைசெய்த சசிகாந்த் பட்னிஸ் என்ற நம் தேசத்து இளைஞர், குளோரின் சேர்ந்த அந்தப் பொடியைச் சோதித்துப் பார்க்கும்படி சொன்னதைச் சுவைத்துப் பார்க்கும்படி சொன்னதாகக் காதில் வாங்கிக்கொண்டு நாவில் வைத்துவிட்டாராம். சீனியைவிட அறுநூறு மடங்கு இனிப்பு அப்படித்தான் வெளிப்பட்டது. நமக்கு மிகவும் பொருந்துகிற பரீட்சையும் இதைப் பற்றியதே. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், டாக்டர் வி. மோகன் தலைமையில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 179 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவார் காப்பியிலும் டீயிலும் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்க்கவும், மற்றவர் வழக்கப்படி சீனியே சேர்க்கவும் செய்து, பன்னிரண்டு வாரம் கவனித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரீட்சையில் இரு பிரிவாருக்கும் குறிப்பிடத்தக்க பேதமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சுக்ரலோஸ் பிரிவில் மிகச் சிறிதளவு குறைந்தன. கேடு செய்யவில்லை, அற்புதமும் செய்யவில்லை. நம்மவர் நாளெல்லாம் குடிக்கும் காப்பியையும் டீயையும் வைத்தே நடத்தப்பட்டதால், அயல்நாட்டுக் குளிர்பான ஆராய்ச்சிகள் பலவற்றைவிட இந்த ஒன்றுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

சந்தேகங்கள் அடியோடு தீர்ந்துவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. இஸ்ரேல் விஞ்ஞானிகள் ஆரோக்கியமான 120 பேரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டு வாரத்திலேயே குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றி, சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் விதத்தையும் மாற்றின. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதத்தில், உடல் இளைப்பதற்காக இவ்வினிப்புகளை நாடவேண்டாம் என்று ஆலோசனை கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்பதையும் அதிலேயே எழுதிவைத்தது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிடப்பட்டிருக்க, நம் பத்திரிகைகளில் பல, அவர்களுக்கு மிக அவசியமான அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டன. வியாதியில்லாத பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்குவதில் எந்த லாபமும் இல்லை. குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற வாசகத்தை நம் விதிகளும் டப்பியின்மேல் கேட்கின்றன.

வில்லைக்காரர் பக்கத்து நியாயம் குறைவுபடும் இடம் பலகாரத்தட்டு. சீனி இனிப்பை மட்டும் தருவதன்று. பண்டத்துக்கு உடலையும் அதுவே தருகிறது. தூத்துக்குடி மக்ரூனின் மொறுமொறுப்பு முட்டையின் வெண்கருவோடு சீனி சேர்ந்து உண்டாக்குவது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலையைக் கட்டிப்பிடிப்பது வெல்லப்பாகு. சிட்டிகை சுக்ரலோஸால் இவ்விரண்டில் ஒன்றும் ஆகாது. ஆகவே ‘சர்க்கரையில்லா’ இனிப்பு செய்பவர், குறைந்த கனத்தை மாவாலோ, சர்க்கரை சேர்க்காத கோவாவாலோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியாலோ நிரப்புகிறார். அந்தப் பொடி மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படுவது. குடலுக்குள் போனதும் குளுக்கோஸாகி, சீனியைப்போலவே விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது. பெட்டியின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் ‘சர்க்கரையில்லை’ என்றிருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்கமுடியாத எழுத்தில் இருக்கும். டீயில் சீனியை விட்டுவிட்ட தைரியத்தில் அந்தப் பெட்டியில் நாலு துண்டு எடுத்துத் தின்கிற அண்ணாச்சிக்கு மறுநாள் காலையில் சர்க்கரை ஏறியிருந்தால், அந்தப் பழியை வில்லையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

(தொடரும்)