எழுதினால் மனம் இலேசாகுமா?

2024 டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடுகளின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

மண்ணை அள்ளிவிடலாம், நினைவை அப்படி அள்ள முடியாது. ஐப்பசி இரவில் மழை வலுக்கும்போது, புத்தகத்தை மூடிவிட்டு மலைப்பக்கமே காது கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். "அதையே நினைக்காதே" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான் அது! 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். அவர் நினைக்கக் கூடாது என்றது ஒரு வெள்ளைக் கரடியை. மாணவர்களின் மனத்தில் கரடி திரும்பத் திரும்ப வந்து நின்றது.

நினைப்பைத் தள்ள முடியாதென்றால், அதை எதிரே உட்காரவைத்து எழுதிப் பார்த்தால் என்ன? ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் அமெரிக்காவில் 46 கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்து, 1986இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவேண்டும். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினர். மற்றவர்கள் தம் வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்ச்சியை எழுதினர்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து.

எழுதி முடித்தவுடன் துன்பத்தை எழுதியவர்களின் மனம் இலேசாகவில்லை, இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவ நிலையத்துக்குச் சென்றனர். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு இந்தப் பயன் கிட்டவில்லை.

இது ஏன்? பின்னாளில் இத்தகைய எழுத்துகளின் சொற்களை எண்ணிப் பார்த்தனர். முதல் நாளைவிடக் கடைசி நாளில் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்களை அதிகம் எழுதியவர்களே அதிகப் பயன் பெற்றிருந்தனர். மனத்தில் நிகழ்ச்சி துண்டு துண்டாகக் கிடக்கிறது: ஒரு சத்தம், ஒரு வாடை, யாரோ போட்ட கூச்சல். எழுதும்போது எது முதலில், எது பிறகு, எதனால் எது என்று வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். ஒரு வாக்கியத்துக்கு எழுவாயும் பயனிலையும் வேண்டுமல்லவா? கட்டாயமாக வரும் அந்த ஒழுங்குதான் வேலை செய்கிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இதை மந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2006இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்றே தெரிந்தது.

பிறர் துன்பத்தை நாள்தோறும் பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. திருவண்ணாமலையிலும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 2019 முதல் நம் நாட்டு மருத்துவப் படிப்பில், நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தம் அனுபவத்தை எழுதிப் பார்ப்பது அதில் அடங்கும். டெரி போர்ட்டன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1970இல் எழுதிய மூன்று கேள்விகள் இதற்கு மிகவும் உதவும்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன?

ஒரு பயிற்சி மருத்துவர் ஒரு மூதாட்டிக்கு இரத்தம் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. "பரவாயில்ல தம்பி, இன்னொரு தரம் குத்திப் பாரு" என்கிறார் பாட்டி. இவருக்கோ கை நடுங்குகிறது. இரவில் எழுத உட்காரும்போதுதான், தாம் கடைசிவரை பாட்டியின் முகத்தைப் பார்க்கவேயில்லை என்பது தெரிகிறது. நாளைக்குச் செய்யவேண்டியது என்ன என்பதும் அங்கேயே எழுந்துவிடுகிறது. மதிப்பெண்ணுக்காக எழுதினால் இது வெறும் சடங்காகிவிடும் என்பது என் எண்ணம்.

நீங்களும் எழுதிப் பார்க்க விரும்பினால் சில எச்சரிக்கைகள். பெருந்துன்பம் நேர்ந்த சில நாட்களுக்குள் யாரையும் எழுதச் சொல்லியோ பேசச் சொல்லியோ வற்புறுத்தக் கூடாது. எழுத எழுத அச்சம் பெருகினால் நிறுத்திவிடுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு வாரங்கள் ஆகியும் சரியாகாவிட்டால் நோட்டுப்புத்தகம் போதாது. வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள், அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி தேவையானவை ஒரு தாள், ஒரு பேனா, 15 நிமிடம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். தமிழாசிரியருக்குக் காட்டப் போவதில்லையே! முடித்ததும் பெட்டியில் பூட்டி வைத்தாலும் சரி, கிழித்து அடுப்பில் போட்டாலும் சரி.