புதுச் சொல் எங்கே பிறக்கிறது?

காலை நேரம். பூக்கடையில் கூட்டம் இல்லை. கடைக்கார அம்மாவின் வங்கிக் கணக்கைச் செல்போனில் பதிந்து கொண்டிருந்தாள் மகள். அப்போது மணி அடித்தது. ஒரு செய்தி வந்தது.

அம்மா செல்போனை வாங்கினார். அவர் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"உங்கள் ஓடிபி எண் இது. யாரிடமும் சொல்ல வேண்டாம்."

எல்லா எழுத்தும் தெரிந்தது. ஆனால் 'ஓடிபி' மட்டும் புரியவில்லை.

"ஓடிபின்னா என்னடி?" என்று மகளைக் கேட்டார்.

"அது இங்கிலீஷும்மா. ஒன் டைம் பாஸ்வேர்டு. ஒரே ஒரு தடவை மட்டும் செல்லுகிற ரகசிய எண். யார் கேட்டாலும் சொல்லிடாதே."

"இங்கிலீஷ்காரங்களுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரியுமோ?" என்றார் அம்மா.

தெரியாது! ஈமெயில், எமோஜி, செல்பி ஆகிய சொற்கள் 1970-ம் ஆண்டில் ஆங்கிலத்திலேயே இல்லை. அவர்களும் நம்மைப் போல் புதிதாகத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன? பார்ப்போம்.

பழைய சொல், புதிய வேலை

உலகில் உள்ள கம்ப்யூட்டர்களையும் செல்போன்களையும் ஒன்றாக இணைப்பது இணையம். இதை ஆங்கிலத்தில் இண்டர்நெட் என்கிறார்கள். 'நெட்' என்றால் வலை. மீன் பிடிக்கிற வலைதான். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வந்தது.

புதிய பொருள் வரும்போது அதற்குப் பெயர் வேண்டும். மனிதர்கள் முதலில் தேடுவது வீட்டில் இருக்கிற பழைய சொல்லைத்தான். வலை, சங்கிலியின் கண்ணி, கடிதம் ஆகிய சொற்களுக்கு ஆங்கிலத்தில் இப்படித்தான் புதிய வேலை கிடைத்தது. நெட், லிங்க், மெயில் என்பவை அவைதான்.

ஒரு சின்னக் குறிக்கும் இப்படி வேலை கிடைத்தது. கடைக்காரர்கள் பில்லில் ஒரு குறி போடுவார்கள். 'அ' போன்ற ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். 'கிலோ 5 ரூபாய் வீதம்' என்பதில் 'வீதம்' என்ற சொல்லுக்குப் பதிலாக அந்தக் குறியைப் போடுவார்கள். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரித்துக் காட்ட அந்தக் கடைக் குறியை எடுத்துப் போட்டார். இன்று எல்லா ஈமெயில் முகவரியிலும் அது இருக்கிறது. நம் நாட்டில் பலர் அதை இன்னமும் 'அட் தி ரேட்' என்றே படிக்கிறார்கள். அது கடைக் கணக்கிலிருந்து வந்த பேச்சு.

சுருக்கிய சொல்

செல்போன் செய்திக்கு எஸ்.எம்.எஸ். என்று பெயர். முதல் எஸ்.எம்.எஸ். 1992-ல் இங்கிலாந்தில் போனது. ஒரு செய்தியில் 160 எழுத்துகளுக்கு மேல் இடம் இல்லை. அதனால் இளைஞர்கள் சொற்களைச் சுருக்கினார்கள். 'யூ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. அதற்கு ஒரே எழுத்தைப் போட்டார்கள். இடம் மிச்சம், காசும் மிச்சம்.

"பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கெடுக்கிறார்கள்" என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். அதில் நியாயமும் உண்டு. பரீட்சைத் தாளில் அப்படி எழுதக் கூடாது அல்லவா? ஆனால் எழுத்தைச் சுருக்குவது புதிய பழக்கம் இல்லை. தந்தி அடித்த காலத்திலும் காசை மிச்சம் பிடிக்கச் சொற்களைக் குறைத்தார்கள்.

கடன் வாங்கிய சொல்

செல்போனில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எமோஜி என்று பெயர். இது ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து.

நம் நாட்டுச் சொல்லும் அங்கே போயிருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆடுபவருக்குப் பதிலாக ஒரு உருவம் வரும். அதை ஆங்கிலத்தில் 'அவதார்' என்கிறார்கள். நம் புராணத்தில் வரும் அவதாரம்தான் அது! ஆங்கிலம் கடன் வாங்க வெட்கப்படுவதில்லை. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லை எப்போதோ வாங்கிக்கொண்டது.

பெயரே வேலை ஆனது

கூகுள் என்பது 1998-ல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். இணையத்தில் தேடுவதையே மக்கள் 'கூகுள் செய்வது' என்றார்கள். 2006-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. நம் கடைகளிலும் இதே கதைதான். "ஜி-பே பண்ணிடுங்க" என்கிறோம் இல்லையா?

அகராதி முதலில் சொல்லி, மக்கள் பிறகு பேசுவதில்லை. மக்கள் பேசுகிறார்கள். அகராதி பின்னால் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் அடிபட்ட தன் உதட்டைத் தானே படம் பிடித்தார். 2002-ல் அதை இணையத்தில் போட்டு 'செல்பி' என்று எழுதினார். 2013-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள்.

திருடர்கள் கொண்டு வந்த சொல்

எல்லாப் புதுச் சொல்லும் நல்ல சொல் அல்ல. பொய்ச் செய்தி அனுப்பி ரகசிய எண்ணைப் பறிப்பதற்கு 'பிஷிங்' என்று பெயர். 1990களில் அமெரிக்காவில் பிறந்த சொல் இது. ஆங்கிலத்தில் மீன் பிடிப்பதும் பிஷிங்தான். எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார்கள். ஒலி ஒன்றே. "பரிசு விழுந்திருக்கிறது", "கணக்கு முடங்கிவிடும்" என்பவை எல்லாம் தூண்டில் புழு. ஏமாந்தால் நாம்தான் மீன்.

நம் நாட்டில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒரு சொல் பரவியது. போலீஸ் போல உடை போட்டவர் செல்போனில் முகம் காட்டுவார். "உங்களைக் கைது செய்துவிட்டோம். வீட்டை விட்டு நகரக் கூடாது. பணம் கட்டுங்கள்" என்று மிரட்டுவார். படித்தவர்கள்கூடப் பயந்து பணத்தை இழந்தார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் பேசியபோது, சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது என்று சொன்னார். சொல் இருக்கிறது. பொருள் இல்லை. பயமுறுத்துவதற்கென்றே வந்த சொல் அது.

இப்படி யாராவது மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பூக்கடை அம்மா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். புதுச் சொல் வந்தால் எழுதுகிறார். அதன் அர்த்தத்தை மகளிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். முதல் பக்கத்தில் இருக்கும் சொல் ஓடிபி.

புதுச் சொல்லைக் கண்டு பயம் வேண்டாம். அதை உண்டாக்கியவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். புரியாவிட்டால் கேட்போம். புரியும் வரை பொத்தானை அழுத்த வேண்டாம்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் செல்போனில் வரும் புதுச் சொற்கள் எவை? ஐந்து சொற்களை எழுதுங்கள்.

2. அவற்றுக்குத் தமிழில் நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

3. ஓடிபி எண்ணை ஒருவர் போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?