ஸ்லோ நிற்காத புல்லட்

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் இரண்டு முறை திக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடும். "ஸ்லோ நிக்க மாட்டேங்குது அண்ணே" என்று மெக்கானிக்கிடம் போனால், பல பட்டறைகளில் முதலில் நடப்பது ஒன்றுதான்: கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய திருகை அரைச் சுற்று உள்ளே முடுக்குவார்கள். சத்தம் ஏறும், வண்டி நிற்காது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து சென்னையில் கால் ஊன்றியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த இரும்பு சிலிண்டர் புல்லட்டுகளில் பல இன்னும் ஓடுகின்றன. 346 சிசி எஞ்சின், ஒற்றை சிலிண்டர். இந்த 350 மாடலில் பரவலாகக் காணப்படுவது மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டர். ஸ்லோ நிற்காத வண்டியைப் புரிந்துகொள்ள, அதற்குள் இரண்டு கார்புரேட்டர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியில் படித்தது முதலாவது. குறுகலான குழாய்க்குள் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் மேல் வளிமண்டல அழுத்தம் அப்படியே இருப்பதால், பெட்ரோல் ஜெட் வழியாக மேலே தள்ளப்பட்டுக் காற்றில் தூவப்படுகிறது. பெர்னூலியும் வெஞ்சூரியும் 18-ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை இது. ஆனால் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டதும் ஸ்லைடு இறங்கி வழியை ஏறக்குறைய மூடிவிடும்; அதனோடு இறங்கும் ஊசி, பிரதான ஜெட்டுக்கு மேலுள்ள நீடில் ஜெட்டின் வாயை ஏறக்குறைய அடைத்துவிடும். படித்த கார்புரேட்டர் அந்த நேரத்தில் வேலையே செய்வதில்லை.

அப்போது வண்டியை ஓட்டுவது இரண்டாவது. ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கே தரையில் ஒரு பொட்டுத் துளை. பைலட் ஜெட் வழியாக வரும் பெட்ரோலும், ஏர் ஸ்க்ரூ அளந்துவிடும் காற்றும் கலந்து அந்தத் துளை வழியே உறிஞ்சப்படுகின்றன. பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 900 ஆர்பிஎம்மில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நொடிக்கு ஏழெட்டு முறைதான் வெடிக்கிறது. அதில் ஒன்றிரண்டு தவறினாலே ஓட்டம் தடுமாறும்.

சில மாதம் நிறுத்திவைத்த வண்டியில் முதலில் அடைபடுவதும் இந்த ஓட்டைதான். பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப்போக, பிசுபிசுப்பான படிவு மிஞ்சுகிறது. அதைக் கிளட்ச் ஒயர் இழையால் குத்தி எடுக்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். பித்தளை மென்மையானது, ஓட்டை கொஞ்சம் அகன்றால்கூட அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

இன்னொரு குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் கசிவு. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் பேக்கிங் இற்றுப்போயிருக்கலாம். போல்ட்டை மிகையாக இறுக்கி இறுக்கி முகப்பே வளைந்திருக்கலாம். அதிவேகத்தில் உள்ளே போகும் காற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கசிவு ஒன்றுமில்லை. ஸ்லோவில் அதுவே கலவையைக் கெடுக்கப் போதும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கினால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் ஓடும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு உறுதி. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. சூடான எஞ்சின் பக்கத்தில் அது வேண்டாத விளையாட்டு. பல வருடம் ஏறி இறங்கித் தேய்ந்த ஸ்லைடும் இதே தொல்லையைத் தரும். அதற்கு மருந்து புது ஸ்லைடு அல்லது புது கார்புரேட்டர்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைப் பாதி போட்டதும் ஓட்டம் சீரானால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் சத்தம் மாறவில்லையா? பைலட் வழி அடைபட்டிருக்கிறது. பிளக் கரியாகக் கறுத்திருந்தால் கதை தலைகீழ். மிதவையின் மட்டம் கூடியிருக்கலாம். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் சத்தம் ஏறினால் கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம், கேபிளுக்குத் தளர்வு கொடுத்தால் போதும். இத்தனைக்கும் முன்பாகப் பாயிண்ட் இடைவெளியையும் டேப்பட்டையும் பார்த்துவிட வேண்டும். தீப்பொறி பலவீனமாக இருக்கும் வண்டிக்குக் கார்புரேட்டர் வைத்தியம் வீண்செலவு.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவை வந்தபின், வெறும் பெட்ரோலுக்கு அளந்த பழைய ஜெட்டில் கலவை சற்று நீர்த்துப்போகிறது. ஏர் ஸ்க்ரூவைச் சிறிது உள்ளே திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்; இல்லாவிட்டால் ஓர் அளவு பெரிய பைலட் ஜெட் போடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணம் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகே திருகுகளுக்கு வேலை. ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பெரிய திருகால் ஸ்லோவைச் சற்றே ஏற்றிவைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இருபுறமும் திருப்பி, சத்தம் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு பெரிய திருகால் ஆர்பிஎம்மை இறக்குங்கள். அந்த உச்சம் ஏர் ஸ்க்ரூ முழுதும் உள்ளே இருக்கும்போதுதான் வருகிறது என்றால், கசிவோ அடைப்போ இன்னும் மிச்சமிருக்கிறது.

புல்லட்டுக்கு 'டக்... டக்...' என்ற தாளம் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்லோவை அதலபாதாளத்துக்கு இறக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயில் பம்பைச் சுழற்றுவதும் அதே எஞ்சின்தான். வேகம் குறையக் குறைய ஆயிலும் குறையும். ஹெட்லைட் எரியும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். 900-க்குக் கீழே இறக்காதீர்கள்.