வடசென்னையில் கேரம்

கேரம் அல்லது சுண்டாட்டம் என்பது சதுரமான மரப்பலகையின் மேல் வட்டக் காய்களை விரலால் சுண்டி, நான்கு மூலைகளிலும் உள்ள குழிகளில் வீழ்த்தும் உள்ளரங்க விளையாட்டு ஆகும். தெற்காசிய நாடுகளில் பரவலாக ஆடப்படும் இவ்விளையாட்டு, சென்னையின் வடபகுதியில் வீட்டுப் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, தெருவின் பொது வாழ்வோடு கலந்துள்ளது. இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் கேரம் மன்றங்களையும் தெருவோரப் பலகைகளையும் காணலாம். உலக அளவில் வெற்றி பெற்ற ஆட்டக்காரர்களும் இப்பகுதியிலிருந்து வந்துள்ளனர்.

பின்னணி

வடசென்னை துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் மீன்பிடித் தொழிலையும் சார்ந்து வளர்ந்த பகுதி ஆகும். 1856-இல் இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. 1940-களின் இறுதியில் எண்ணூரில் தானுந்துத் தொழிற்சாலை தோன்றியது. 1960-களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1970-களில் எண்ணூர் அனல்மின் நிலையமும் வந்தன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. இது தற்போது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது.

இத்தகைய பகுதியில் கேரம் வேரூன்றியதற்கான காரணங்களை அதன் தன்மையிலேயே காணலாம். பலகை வைக்க ஒரு சிறிய அறையோ, திண்ணையோ, சந்தோ போதும். மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் இரவிலும் ஆடலாம். முறைப்பணி முடித்து வருபவரும், கடலுக்குப் போய்த் திரும்பியவரும், பள்ளி மாணவரும் ஒரே பலகையைச் சுற்றி அமரலாம். ஒரு பலகை நான்கு பேருக்கு ஆட்டத்தையும், சுற்றி நிற்பவர்களுக்குப் பொழுதுபோக்கையும் தருகிறது. வயது, உடல் வலிமை, உயரம் ஆகியவை இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை.

வெற்றிமாறன் இயக்கத்தில் 2018-இல் வெளிவந்த வட சென்னை திரைப்படத்தின் நாயகன் ஒரு கேரம் ஆட்டக்காரன் ஆவான்.

ஆட்ட முறை

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் விதிகளும் முறைப்படுத்தப்பட்டன. அனைத்திந்தியக் கேரம் கூட்டமைப்பு அதற்கு முன்பே, 1956-இல் தொடங்கப்பட்டிருந்தது. பன்னாட்டு விதிகளின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- ஆடுபரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. பக்க அளவுள்ள சதுரம் ஆகும்.
- 9 வெள்ளைக் காய்கள், 9 கறுப்புக் காய்கள், ஒரு சிவப்புக் காய் என மொத்தம் 19 காய்கள் உண்டு. சிவப்புக் காய் ராணி எனப்படும். பேச்சு வழக்கில் இது 'ரெட்' ஆகும்.
- காய் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கும். அடிக்கப் பயன்படும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கும், விட்டம் 4.13 செ.மீ.க்கும் மிகக் கூடாது.
- வெள்ளைக் காய்க்கு உரியவரே ஆட்டத்தைத் தொடங்குவார்.
- ராணியை வீழ்த்தியவர், அதே அடியிலோ அடுத்த அடியிலோ தமது காய் ஒன்றையும் வீழ்த்த வேண்டும். இது 'ஃபாலோ' எனப்படும். தவறினால் ராணி நடுவட்டத்துக்குத் திரும்பும்.
- தமது காய்களை முதலில் தீர்த்தவருக்கு, எதிராளியின் மீதமுள்ள காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். ராணியையும் அவரே பெற்றிருந்தால் மேலும் 3 புள்ளிகள் சேரும். 22 புள்ளிகளை எட்டியபின் ராணிக்குப் புள்ளி இல்லை.
- 25 புள்ளிகள் அல்லது 8 பலகைகள் கொண்டது ஓர் ஆட்டம். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் வெற்றியாளர் ஆவார்.

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுவது தவறு. அதற்குத் தண்டமாக ஏற்கனவே பெற்ற காயைப் பலகையில் திரும்ப வைக்க வேண்டும்.

ஆட்டத்தின் இயற்பியல்

ஸ்ட்ரைக்கர் காயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை கொண்டது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர், அசையாமல் இருக்கும் 5 கிராம் காயின் மீது நேருக்கு நேர் மோதுவதாகக் கொள்வோம். ஆற்றல் இழப்பு இல்லையெனில், உந்த அழியா விதிப்படி காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். ஸ்ட்ரைக்கரோ நின்றுவிடாமல் தன் வேகத்தில் பாதியுடன் அதே திசையில் தொடரும். காய் விழுந்த குழியிலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுவதற்கு இதுவே காரணம் ஆகும். நடைமுறையில் மோதலிலும் உராய்விலும் சிறிது ஆற்றல் இழக்கப்படுகிறது. எனினும் பொதுப் போக்கு மாறுவதில்லை. ஆகவே குழிக்கு நேர் எதிரே உள்ள காயை மெதுவாக அடிப்பதும், இயன்ற இடத்தில் சற்றுச் சாய்வாகத் தொடுவதும் பயன் தரும். புதிதாகக் கற்பவர்கள் வலிமையாக அடிப்பதையே திறமை எனக் கருதுகின்றனர். உண்மையில் தேவையானது அளவறிந்த விசையே ஆகும்.

குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இல் தில்லியிலும் 1995-இல் கொழும்பிலும் நடைபெற்ற உலகப் போட்டிகளில் ஒற்றையர் பட்டம் வென்றார். 1996-ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது இவருக்கு வழங்கப்பட்டது.

வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்றார். எளிய உழைப்பாளர் குடும்பத்திலிருந்து வந்தவர் இவர்.

புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். இவர் ஒரு தானி ஓட்டுநரின் மகள் ஆவார்.

தெருவோரப் பலகைகளைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்களே கூடுவர். அத்தகைய சூழலிலிருந்து இரு பெண்கள் உலகப் பட்டம் பெற்றிருப்பது, வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதைக் காட்டுகிறது. பெண்களும் சிறுமியரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய நேரத்தையும் இடத்தையும் ஒதுக்குவது ஒவ்வொரு மன்றத்தின் கையிலும் உள்ளது.

மன நலம்

கேரம் மன நலத்துக்கு உதவுவதற்கு முதன்மைக் காரணம் அது தரும் கூட்டுறவு ஆகும். உலக நலவாழ்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார். தனிமை உள்ளத்தை மட்டுமன்றி உடலையும் பாதிக்கிறது என அவ்வறிக்கை கூறுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், துணையை இழந்தவர், வேலை தேடும் இளைஞர் ஆகியோருக்கு, நாள்தோறும் தம்மை எதிர்பார்க்கும் நால்வர் இருப்பது பெரிய துணையாகும். பலகையின் முன் பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச விரும்பினால் கேட்பதற்கு ஆள் உண்டு.

எனினும் கேரம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. வழக்கமாக வருபவர் திடீரென வராமல் இருப்பது, உறக்கமும் உணவும் குறைவது, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அந்நிலையில் உடனாடுபவர் ஒருவர் அவரை வீட்டில் சென்று பார்ப்பதே முதல் உதவி ஆகும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானசு சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

பணயம் வைத்து ஆடுவது இந்த நன்மைகளைக் கெடுக்கும். தோல்வியைச் சிரித்து ஏற்கும் இடமாக இருந்த பலகை, கடனும் சண்டையும் பிறக்கும் இடமாக மாறிவிடும்.

உடல் நலமும் காற்றின் தரமும்

கேரம் அமர்ந்து ஆடும் விளையாட்டு. எனவே அது உடற்பயிற்சியாகாது. வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. வேகமான நடை இதற்குப் போதுமானது.

வடசென்னையில் நடைக்கு நேரம் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. 2023 திசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததில் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மணலி, இராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவீடுகளை நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் இலவசமாகக் காணலாம். காற்றுத் தரக் குறியீடு 100 வரை இருந்தால் பெரும்பாலோர் வெளியில் நடக்கலாம். 101 முதல் 200 வரை இருந்தால் ஈளை நோய், இதய நோய் உள்ளோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் கடும் உழைப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 200-ஐத் தாண்டினால் அனைவரும் வெளிப்பயிற்சியைத் தள்ளிவைக்கலாம். அத்தகைய மாலைகளில் வீட்டுக்குள் கேரம் ஆடுவது பொருத்தமான மாற்று ஆகும்.

நடைமுறைக் குறிப்புகள்

- பலகையைச் சமமான மேசையில் வைக்க வேண்டும். நடுவில் விட்ட காய் தானாக நகர்ந்தால் மேசைக் காலுக்கு அட்டை கொடுத்துச் சரிசெய்யலாம்.
- விளக்கு பலகையின் நடுவுக்கு நேர் மேலே, கண்ணில் படாதவாறு மறைப்புடன் இருக்க வேண்டும்.
- கேரம் பவுடர் எனப்படுவது பொதுவாகப் போரிக் அமிலம் ஆகும். இது உட்கொண்டால் நச்சு. குழந்தைகளுக்கு எட்டாதவாறு மூடி வைக்க வேண்டும். வாயால் ஊதிப் பரப்புதல் கூடாது. ஆட்டம் முடிந்து கைகழுவிய பின்னரே உண்ண வேண்டும்.
- அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்து, முதுகு, மணிக்கட்டு ஆகியவற்றைத் தளர்த்துவது நல்லது.
- இரவு ஆட்டத்துக்கு முடிவு நேரம் ஒன்றை முன்பே வகுத்துக்கொண்டால் உறக்கமும் அண்டை வீட்டார் அமைதியும் கெடாது.
- புதியவர் வந்தால், வலுவான ஆட்டக்காரர் ஒருவர் அவருக்கு இணையாக அமர்வது அவரைத் தொடர்ந்து வரச் செய்யும்.
- பலகையை வெயிலிலும் ஈரத்திலும் விடலாகாது. கடற்காற்று உள்ள பகுதிகளில் ஆடாத நேரத்தில் துணியால் மூடிச் சுவரோரம் நிறுத்திவைத்தால் மரம் நெளியாமல் நெடுநாள் உழைக்கும்.