தேக்கந்தோப்புக்கு உரம் இடலாமா?



குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது கலேவெல. நெல்லுக்கும் பெரிய வெங்காயத்துக்கும் உரமிட்டுப் பழகிய இப்பகுதிக் கமக்காரருட் சிலர், வீட்டு வளவிலும் மேட்டுக் காணியிலும் தேக்கும் வளர்க்கின்றனர். பயிருக்கு இடும் உரத்தை மரத்துக்கும் இட்டால், இட்ட பணம் திரும்பி வருமா என்ற வினா அவர்களுக்கு எழுவது இயல்பே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை நீங்கிய பின்னர் உரத்தின் விலை பன்மடங்கு உயர்ந்ததையும் கண்ட குடும்பங்களுக்கு, ஒரு மூடை உரம் எங்கே போகவேண்டும் என்பது சிறிய வினா அன்று.

இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதன்பின் நமது நாட்டு மரத் தேவையை வீட்டுத் தோட்டங்களும் நடுகைக் காடுகளுமே பெரிதும் நிறைவு செய்து வருகின்றன. ஆதலின் அவற்றின் விளைவைப் பெருக்க நினைப்பது நன்றே.

காட்டுக்கு உரமிடுதல் பிற நாடுகளிற் கைகண்ட முறையாகும். சுவீடனில் பைன், ஸ்புரூஸ் மரக்காடுகளுக்கு, வெட்டுவதற்கு ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன்னர், ஹெக்டயருக்குச் சுமார் 150 கிலோகிராம் நைதரசன் இடுவர். அதனாற் பத்தாண்டில் ஹெக்டயருக்கு 10 முதல் 20 கன மீற்றர் வரை மேலதிக மரம் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிற் பொசுபரசு குன்றிய நிலங்களில் நட்ட பைன் மரங்கள் வளராது தேங்கி நின்று, சுப்பர் பொசுபேற்று இட்ட பின்னரே தேறின.

இவற்றைக் கண்டு நாமும் அவ்வாறே செய்யலாமா? சுவீடனின் குளிரில் உதிர்ந்த இலைகள் மெல்லவே உக்குகின்றன. நைதரசன் அவற்றுள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. நமது வெப்பத்தில் இலைகள் விரைந்து உக்கிவிடும். கலேவெலப் பக்கத்திலே மரத்தின் வளர்ச்சியைப் பெரிதும் தடுப்பது நீர்க் குறைவே. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் தேக்குக்கு இட்ட உரம் பயன்படாது. களை மண்டிய தோப்பிலோ, உரத்தை முதலில் உண்பது கினிப்புல். அது செழித்துக் காய்ந்தால் காட்டுத்தீக்கு விறகாகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் உரத்துக்கு 10,000 ரூபா செலவிடுகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு என்று கொள்வோம். அப்பணம் வட்டிக்கு வட்டி சேர்ந்து பத்தாண்டில் ஏறக்குறைய 20,000 ரூபாவாகும். முப்பதாண்டில் 76,000 ரூபாவைத் தாண்டும். கன்றுப் பருவத்தில் இட்ட உரம், வெட்டும்போது இத்தொகைக்கு மேற்பட்ட மரத்தைத் தந்தாலன்றி நட்டமே. காட்டு முதலீட்டை இவ்வாறு வட்டியோடு மதிப்பிடும் முறையை 1849இல் ஜெர்மனிய வனவியலாளர் மார்ட்டின் பௌஸ்ட்மன் வகுத்தார். சுவீடன் நாட்டார் வெட்டுக்கு அண்மையில் உரமிடுவதன் பொருள் இப்போது விளங்கும்: பணம் நீண்டகாலம் முடங்குவதில்லை, கூடும் வளர்ச்சியும் பருத்த மரத்திலேயே சேருகிறது.

வரவுப் பக்கத்தில் கன அடியை மட்டும் எண்ணுதல் போதாது. பருத்த தேக்கு முண்டத்துக்குக் கன அடி ஒன்றுக்கே கூடிய விலை உண்டு. வைரம் பாய்ந்த பகுதி அதில் மிகுதி என்பதே காரணம். மெலிந்த மரங்கள் பல இருப்பதிலும் பருத்த மரங்கள் சில இருப்பது மேல். அதற்கு எளிய வழி, நெருங்கி வளர்ந்தவற்றைக் காலத்தில் வெட்டித் தோப்பை ஐதாக்குவதே. இதற்குச் செலவு கூலி மட்டுமே. வெட்டிய கம்புகளும் விலை போகும்.

ஆகவே, முதலிற் களை நீக்குக, தீ பரவாதபடி எல்லையைத் துப்புரவு செய்க, தோப்பை ஐதாக்குக. கன்று நடுங்கால் குழியில் மாட்டெருவும் கூட்டெருவும் இடுக. இவை யாவும் செய்தும் மரம் தேங்கி நின்றால், மண்ணைச் சோதிப்பித்து, குறைந்த சத்தை மட்டும் மாரிமழை தொடங்கும் வேளையில் இடலாம். எப்பாவலப் பொசுபேற்று உள்ளூர்ப் பொருளாயினும், அமிலத்தன்மையுள்ள மண்ணிலேயே நன்கு கரையும் என்பதையும் மறத்தலாகாது.

கையில் ஒரே ஒரு மூடை உரம் உள்ளவருக்கு, நாலு மாதத்திற் பலன்தரும் வெங்காயப் பாத்தியே அதற்கு உரிய இடம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். முப்பது ஆண்டு காத்திருக்கும் தோப்பிற் போடுவதை, வட்டியையும் சேர்த்தன்றோ அளக்கவேண்டும்!